ஏழு சென்டிமீட்டர் (கடிதம்)

வணக்கம் அக்கா,

உங்கள் எழுத்தை நாலைந்து வருடமாகப் படித்து வருகிறேன். இதுவரை கடிதம் எழுதியதில்லை. இதுவும் புத்தகம் பற்றிய கடிதம் இல்லை, மன்னிக்கவும்.

என் மகளுக்கு 11 வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பிறந்ததிலிருந்தே ஒல்லி. யார் பார்த்தாலும் "பிள்ளைக்குச் சாப்பாடே போடறதில்லையா" என்றுதான் கேட்பார்கள். போன வருடத்திலிருந்து உடம்பு மாற ஆரம்பித்துவிட்டது. இடுப்பும் தொடையும் கனத்துவிட்டன, வயிறு லேசாகத் தெரிகிறது. பத்து மாதத்துக்கு முன் 34 கிலோ இருந்தாள், இப்போது 40. ஞாயிறுதோறும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இறங்குவதாகத் தெரியவில்லை. இன்னும் வயதுக்கு வரவில்லை.

நான் சின்ன வயதிலிருந்தே குண்டு. அதனால் பட்டதையெல்லாம் எழுதினால் பத்துப் பக்கம் வரும். அது அவளுக்கு வேண்டாம் என்று ராத்திரிச் சாப்பாட்டை அளந்து போட ஆரம்பித்தேன். போன மாதம் தங்கையிடம் போனில், "இப்பவே பிடிக்கலைன்னா என்னை மாதிரி ஆயிடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பினால் கதவருகே நிற்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவள் அப்பாவின் பழைய சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறாள். பாதிச் சாப்பாட்டில் "போதும்" என்று எழுந்துவிடுகிறாள். அவள் குறைத்துக்கொள்வதைப் பார்த்தால் ஒரு பக்கம் நிம்மதியாக இருக்கிறது, ஒரு பக்கம் பயமாகவும் இருக்கிறது. நான் செய்வது சரியா?

பெயர் போட வேண்டாம்.

ஆர்.

—

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் கிலோ வருகிறது, நோட்டு வருகிறது, இடுப்பு, தொடை, வயிறு எல்லாம் வருகிறது. உயரம் மட்டும் ஓரிடத்திலும் வரவில்லை. அதனால்தான் பதில் எழுதுவதற்கு முன், அவள் எவ்வளவு உயரம் என்று ஒரு வரி கேட்டு அனுப்பினேன். மறுநாளே அளந்து எழுதிவிட்டீர்கள். 146 சென்டிமீட்டர். பத்து மாதத்துக்கு முன் பள்ளியில் அளந்தபோது 139.

ஏழு சென்டிமீட்டர். அது அந்த நோட்டில் ஏறவே இல்லை.

நான் டாக்டர் இல்லை. குழந்தை மருத்துவரான என் தோழி ஒருத்தியிடம், யார் எவர் என்று சொல்லாமல், இந்த நான்கு எண்களையும் காட்டினேன். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தாள், உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) என்பார்களே, அதுதான். முன்பு 17.6, இப்போது 18.8. 25-ஐத் தொட்டால் அதிக எடை, 30-ஐத் தொட்டால் உடல்பருமன் என்று பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கெல்லாம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது, வயதுக்கு வயது கோடு மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணையில் 11 வயதுப் பெண்ணுக்கு நடுக்கோடு 17-க்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. அதிக எடை என்று சொல்லத் தொடங்கும் கோடு 20-ஐ ஒட்டி வருகிறது. உங்கள் மகள் இரண்டுக்கும் நடுவே இருக்கிறாள். "இதில் என்ன பிரச்சினை?" என்று கேட்டாள் தோழி. பிரச்சினை எண்ணில் இல்லை என்றேன்.

அந்த உடம்பில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். பெரும்பாலும் முதலில் தெரிவது மார்பு. காம்புக்கு அடியில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு கட்டி, இடித்தால் உயிர் போகிற வலி. சிலருக்கு ஒரு பக்கம் முதலில் வரும், மற்றது சில மாதம் கழித்து வரும். இதைப் பார்த்துப் புற்றுநோயோ என்று பதறி ஓடிவரும் அம்மாக்கள் என் தோழியின் கிளினிக்கில் சகஜம். அதிலிருந்து சுமார் இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய். உயரம் மடமடவென்று ஏறுவது அதற்கு முன்னால்தான், உச்சத்தில் வருடத்துக்கு எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு. அதிலும் பாதமும் கையும் முந்திக்கொள்ளும், அப்புறம் கால்கள் நீளும், நடு உடம்பு கடைசியில்தான் வந்து சேரும். செருப்பு சின்னதாகிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். இந்த வயதில் பிள்ளைகள் நடக்கும்போது மேசை முனையில் இடித்துக்கொள்வதும், கண்ணாடியில் தன்னைப் பார்த்து "என்னவோ மாதிரி இருக்கேன்" என்று சொல்வதும் வெறும் பிரமை இல்லை. உடம்பின் பாகங்கள் நிஜமாகவே ஒரே வேகத்தில் வளர்வதில்லை.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரக்க ஆரம்பித்ததும் இடுப்பெலும்பு அகலமாகும். இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேரும். ஆண் பிள்ளைகளுக்கு இந்தப் பருவத்தில் தசை கூடுகிறது, பெண் பிள்ளைகளுக்குக் கொழுப்பின் பங்கு கூடுகிறது. சிலருக்கு உயரத்துக்கு முன்னாலேயே சதை வரும், வயிறு கொஞ்சம் உப்பலாகத் தெரியும். வளர்ந்த ஒரு பெண்ணின் எடையில் கிட்டத்தட்ட பாதி வரை இந்தச் சில வருடங்களுக்குள் ஏறியதுதான். பத்து மாதத்தில் ஆறு கிலோ என்று தனியாகச் சொன்னால் பயமாகத்தான் இருக்கும். இந்த வயதில் அது ஏறாமல் நின்றால்தான் டாக்டர்கள் கவலைப்படுவார்கள்.

ஜேம்ஸ் டானர் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரின் பெயரில்தான் பருவ வளர்ச்சியின் ஐந்து நிலைகளை இன்றைக்கும் மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். அவரும் மார்ஷல் என்ற சக ஆய்வாளரும் 1969-இல் வெளியிட்ட கட்டுரை 192 பெண் பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து எழுதியது. காப்பகத்தில் இருந்த பிள்ளைகளை ஆடையில்லாமல் படம் பிடித்துச் சேர்த்த தகவல்கள் அவை. அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் கண்டது பெற்றோர்களுக்கு ஆறுதலான விஷயம். மாற்றங்கள் வரும் வரிசை பொதுவாக ஒன்றுபோல இருக்கலாம், வேகம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்தி இரண்டு வருடத்தில் கடப்பதை இன்னொருத்தி ஐந்து வருடம் எடுத்துக் கடப்பாள். இருவரும் ஆரோக்கியமான பிள்ளைகள். வகுப்பில் பக்கத்து இருக்கைப் பெண்ணோடு ஒப்பிடவே முடியாத வயது என்று ஒன்று உண்டென்றால் அது இந்த 11 வயதுதான்.

சரி, எதற்குத்தான் டாக்டரிடம் போவது? 8 வயதுக்கு முன் மார்பு வளர்ந்தால், 13 வயதாகியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால், 15 ஆகியும் மாதவிடாய் வராவிட்டால் போக வேண்டும். எடை ஏறிக்கொண்டே இருந்து உயரம் நின்றுபோனால் கட்டாயம் போக வேண்டும். கழுத்தின் பின்புறம் தோல் கறுத்து வெல்வெட் போலத் தடித்திருந்தால், அழுக்கு என்று தேய்த்துக்கொண்டிருக்காமல் காட்டுங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். நீங்கள் சொல்லும் குடும்ப வாகும் பொய்யில்லை, உடல்வாகில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் வருடத்துக்கு ஓரிரு முறை டாக்டரிடம் உயரமும் எடையும் சேர்த்துப் பார்த்து வளர்ச்சிக் கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு போதும். ஞாயிறுதோறும் பார்ப்பதில் தெரிவது அன்றைக்கு அவள் எவ்வளவு தண்ணீர் குடித்தாள் என்பதுதான்.

இப்போது அந்த "போதும்". எனக்கு உறுத்துவது இதுதான்.

உடல் நிறை குறியீட்டெண் என்கிறோமே, அந்தக் கணக்கைப் போட்டவர் 1830-களில் வாழ்ந்த கெட்லே என்ற பெல்ஜியப் புள்ளியியலாளர். அதற்கு இன்றைய பெயரை 1972-இல் வைத்தவர் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். இதே கீஸ், இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் 36 ஆரோக்கியமான ஆண்களைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். விருப்பத்தோடு வந்தவர்கள், என்று முடியும் என்று தெரிந்தவர்கள். அப்படியும் அவர்கள் தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள், எரிந்து விழுந்தார்கள், சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாமல் ஆனார்கள். வளர்ந்து முடிந்த ஆண்களுக்கே இது. உங்கள் மகளோ எலும்பு கட்டிக்கொண்டிருக்கிறாள். உயரம் வேகமாக ஏறும் அந்த இரண்டு வருடங்களில் மட்டும், வளர்ந்தபின் இருக்கப்போகும் எலும்பு நிறையில் கால்வாசி சேர்கிறது. அந்த நேரத்தில் தட்டைச் சின்னதாக்குவதை எந்தப் பெயரில் செய்தாலும் என்னால் சரி என்று சொல்ல முடியாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016-இல் தந்த வழிகாட்டுதல் இன்னும் நேராகவே பேசுகிறது. பிள்ளைகள் டயட் இருப்பதும் வீட்டில் எடையைப் பற்றிப் பேசுவதும் பின்னாளில் உடல்பருமனுக்கும் வழிவிடுகிறது, சாப்பாட்டுக் கோளாறுகளுக்கும் வழிவிடுகிறது. நீங்கள் எதற்குப் பயந்து அளந்து போட ஆரம்பித்தீர்களோ, அதற்கே கொண்டுபோய் விடலாம். எடைப் பேச்சு என்பதில் அம்மா அப்பா தங்கள் சொந்த உடம்பைப் பற்றிச் சலித்துக்கொள்வதும் சேர்த்தி. "என்னை மாதிரி ஆயிடுவா" என்பதில் உங்கள் மகளுக்கு எது அதிகம் வலித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? தான் குண்டாகிவிடுவோம் என்பதா, அம்மா மாதிரி இருப்பது ஒரு ஆபத்து என்று அம்மாவே சொன்னதா? அவளுக்கு உங்களைப் பிடிக்கும், ஆர். அதை மறந்துவிட்டுப் பேசியிருக்கிறீர்கள்.

எனக்கும் 11 வயதில் ஒரு வாக்கியம் கிடைத்தது. பள்ளியில் வகுப்புப் படம் எடுக்க வந்தவர், முன்வரிசையில் நின்ற என்னைப் பார்த்து, "குண்டுப் பொண்ணு, நீ பின்னாடி போம்மா" என்றார். திட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்த நிமிஷமே மறந்திருப்பார். படத்தில் நான் ஒரு கண்ணும் ஒரு ரிப்பனும்தான். நான் அப்போது குண்டா, இல்லையா என்று சரிபார்க்கக்கூட அந்தப் படம் உதவாது. எனக்கு இப்போது 56 வயது. இன்றைக்கும் யாராவது படம் எடுக்கக் கூப்பிட்டால் கால் தானாகப் பின்வரிசைக்குப் போகிறது. "நீங்கதானே இன்னிக்கு முக்கிய விருந்தாளி" என்று இழுத்துவந்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

அதனால், அந்த போன் பேச்சை அவள் மறந்திருப்பாள் என்று விட்டுவிடாதீர்கள். அப்பாவின் சட்டையைத் தேடிப் போட்டுக்கொள்பவள் எதையும் மறக்கவில்லை. நீங்களே எடுங்கள். "அன்னிக்கு சித்திகிட்ட நான் பேசினது தப்பு. உன் உடம்புல ஒரு தப்பும் இல்ல, அது வளருது. பயந்தது நான்தான்" என்று சொன்னால் போதும், நீட்டி முழக்க வேண்டாம். அவள் "ம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். போகட்டும். சாப்பாட்டைப் பழையபடி நடுவில் வையுங்கள், அவளே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும், நீங்களும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். சட்டையைப் பிடுங்க வேண்டாம். ஆனால் அவளுக்கு இப்போது பொருந்துகிற உடுப்பு இரண்டு, கூடவே மார்பு உரசாமல் இருக்க மெல்லிய உள்ளாடையும் வாங்கி வையுங்கள். போன வருடத்து உடுப்பு இறுக்குவது உடம்பின் குற்றம் இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு மேலும் "போதும்" தொடர்ந்தாலோ, தலைசுற்றல் என்றாலோ, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டாலோ, டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

எடை மெஷினைப் பரணில் போடுங்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டு. நோட்டை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவள் கண்ணில் படாமல் கிழித்துவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது மின்னஞ்சலில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். சுவரோடு நிற்கவைத்துத் தலைமேல் ஸ்கேலை வைத்து 146 என்று நீங்கள் சொன்னதும், அவள் நம்பாமல் திரும்பிப் பார்த்து, "அம்மா, நான் குதிகாலைத் தூக்கவே இல்ல" என்றாளாம். மறுபடியும் அளக்கச் சொன்னாளாம். இரண்டாம் முறை அளந்தீர்களா, இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை.

அன்புடன்.