சமையலறைக் கதவு எதற்குச் சாத்தியிருக்கிறது?

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 31 வயது. மதுரை திருநகரில் கணவர், மாமியார், 22 மாத மகனோடு இருக்கிறேன். ஆறு வருடம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். குழந்தைக்காக விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை; விடாதே என்றும் சொல்லவில்லை.

ஒரு வருடமாக வீட்டில் ரொட்டி சுடுகிறேன். ஆரம்பத்தில் கல் மாதிரி வந்தது, இப்போது நன்றாக வருகிறது. கோதுமை மாவு பாதி, மைதா பாதியாக 500 கிராம், தண்ணீர் 320 மில்லி, உப்பு 10 கிராம், ஈஸ்ட் 7 கிராம். எல்லாம் தராசில் நிறுத்துத்தான் போடுவேன். வெந்த ரொட்டியைத் திருப்பி அடியில் தட்டினால் காலிப் பானையைத் தட்டுவது போல் சத்தம் வர வேண்டும். வருகிறது. அதைக் கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

அத்தை, "காய்ச்சக்காரனுக்குக் குடுக்குற ரொட்டிய எதுக்குத்தா தினமும் சுடுற?" என்கிறார். அதுவும் பக்கத்து வீட்டு அக்கா இருக்கும்போதே. டப்பாவில் ரொட்டி இருப்பது தெரிந்தும் கணவர் இரவு கடையை அடைத்துவிட்டு வரும்போது பன் பரோட்டா வாங்கி வருகிறார். கரண்ட் பில் வந்த அன்று, "கடையில நாப்பது ரூவாய்க்குக் கிடைக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

மகனுக்காவது கொடுக்கலாம் என்றால் அதற்குள் அத்தை பருப்புச் சோறு ஊட்டிவிடுகிறார். நான் மாவு பிசைய உட்கார்ந்தால் அவன் மேலே வந்து விழுவான், கிண்ணத்தை இழுப்பான். ஒரு நாள் மொத்த மாவும் தரையில். அதிலிருந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன், ரொட்டி வெளியே வர இரண்டு மணி நேரம் ஆகும். (முதலில் கதவைத் தட்டித் தட்டி அழுவான். இப்போது அந்தத் தொல்லை இல்லை. தட்டுவதில்லை, நேராக அப்பத்தாவிடம் போய்விடுகிறான்.) ஆனாலும் நிம்மதியாகச் செய்ய முடியவில்லை. உள்ளே இருந்தால் வெளியே என்ன பேசுகிறார்கள் என்றே காது போகிறது.

போன வாரம் அத்தையின் தங்கை வந்திருந்தார். அன்று காலைதான் சுட்டிருந்தேன். அதை எடுத்து வைக்காமல் கடையிலிருந்து பால்பன் வாங்கி வரச் சொன்னார். எனக்குப் பாராட்டு வேண்டாம் அம்மா. ஒரு துண்டு தின்று பார்க்கலாம் இல்லையா? காய்ச்சக்காரன் ரொட்டி என்று சொல்லாமல் இருக்கலாம் இல்லையா? இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வேண்டாம், திருநகர், மதுரை

அன்புள்ள மகளுக்கு,

பன் பரோட்டா, பால்பன், கரண்ட் பில் எல்லாவற்றையும் வாசித்தேன். வலித்திருக்கிறது, தெரிகிறது. ஆனால் நான் நின்றுபோன இடம் வேறு. அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, "தட்டுவதில்லை" என்று, அந்த இடம். தொல்லை தீர்ந்தது என்றால் அதை எனக்கு எழுதவே வேண்டியதில்லை. எங்கோ குத்தியிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் உங்கள் காது போவது அத்தையின் பேச்சைக் கேட்கவா, அவன் தட்டுகிறானா என்று கேட்கவா?

ஒரு கணக்குப் பார்ப்போம். மாவு பிசைய 10, 12 நிமிடம். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு முக்கால் மணி நேரத்தில் மாவு இரண்டு பங்காக உப்பிவிடும். உருட்டி டின்னில் வைக்க 5 நிமிடம், மறுபடி உப்ப அரை மணி, ஓவனில் 35 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் உங்கள் கை தேவைப்படுவது கால் மணி நேரம் சொச்சம். மீதி நேரம் ஈஸ்டும் ஓவனும் பார்க்கிற வேலை. அப்புறம் கதவு எதற்குச் சாத்தியிருக்கிறது?

உங்களுக்காகத்தான் சாத்தியிருக்கிறது. அதில் தப்பே இல்லை. ஆறு வருடம் அளந்து, சரிபார்த்து, மாலைக்குள் ரிசல்ட் எழுதிக் கொடுத்தவர் நீங்கள். பிள்ளை வளர்ப்பில் மாலையில் எழுதிக் கொடுக்க ஒன்றுமே இருக்காது. குளிப்பாட்டிய பிள்ளை அரை மணியில் மண்ணாகி நிற்பான். நாள் முழுக்க நீங்கள் தொடங்குவதில் முடிகிற காரியம் ரொட்டி ஒன்றுதான், அளந்தபடி வருவதும் அது ஒன்றுதான். உங்களுக்கு வேண்டிய தனி நேரத்தை ரொட்டி என்று பெயர் வைத்துக் கேட்கிறீர்கள். அதனால்தான் ரொட்டியை ஒருவர் ஒதுக்கினால் உங்களையே ஒதுக்கியது போல் தூக்கம் போகிறது.

இனி சொல்வதைக் கோபிக்காமல் கேளுங்கள். அந்த இரண்டு மணி நேரமும் அழுத பிள்ளையைத் தூக்கியது யார்? உங்கள் கடிதத்தில் அத்தை எல்லா இடத்திலும் குற்றவாளி. ஆனால் கதவு சாத்த முடிகிறதே, அதுவே அவரால்தான். பசி நேரத்தில் பருப்புச் சோறு ஊட்டியதைக் குறையாக எழுதுவது நியாயமில்லை. அவர் தலைமுறையில் ரொட்டி வீட்டுக்குள் வந்தால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். பாலில் நனைத்துக் கொடுப்பார்கள்; ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் கையிலும் ஒரு பாக்கெட் இருக்கும். அந்த வாசம் தினமும் வந்தால் அவருக்கு ஒப்பாது. பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் சொன்னது தப்புதான், அதை அவரிடம் தனியாகச் சொல்லலாம். இன்னொன்று: வெயில் காலத்தில் இட்லி மாவுக்கு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பெரிய பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றமாட்டார், பொங்கினால் தாங்க அடியில் ஒரு தட்டு. பொங்குகிற மாவை உங்களைவிட நெடுநாளாக அறிந்தவர் அவர்.

மகன் உங்களை மறந்துவிடவில்லை. இந்த வயதில் பிள்ளை வன்மம் வைக்காது. எந்தப் பக்கம் கை நீள்கிறதோ அந்தப் பக்கம் போகும். இப்போதே உங்கள் கையும் நீளட்டும்.

கணவரிடம் ரொட்டிக்கு மார்க் கேட்காதீர்கள். "கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் பையனைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது என் நேரம்" என்று நேராகக் கேளுங்கள். வேலையை விட்டதைப் பற்றி ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், அதையும் அவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். மனம் மரத்துப்போனது போல இருந்தாலோ, தூக்கமில்லாத இரவுகள் வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நாளைக்கு மாவு பிசையும்போது கதவு திறந்திருக்கட்டும். ஓவன் சூடாக இருக்கும் நேரத்தில் மட்டும் சாத்துங்கள், அப்போது நீங்களும் வெளியே அவனோடு இருங்கள். முதல் நாள் அவன் வரமாட்டான். நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு அப்பத்தாவிடம் ஓடிவிடுவான். ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். உங்கள் கண் படுகிற இடத்தில் ஒரு தட்டில் எலுமிச்சம்பழ அளவு மாவை உருட்டி வைத்துவிட்டு, நீங்கள் பாட்டுக்குப் பிசைந்துகொண்டிருங்கள். வந்து எடுத்தால் வாயில் போடாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கீழே சிந்தினால் சிந்தட்டும்.