விண்கல்லில் அமினோ அமிலம்: அது நம் கை அழுக்கு இல்லையா?

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: விண்கல்லில் காணப்படும் கரிமச் சேர்மங்கள் பூமியில் ஒட்டிக்கொண்டவையாக இருக்கலாம் அல்லவா?

நியாயமான சந்தேகம். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் புரட்டினாலே போதும். விரல் வியர்வையிலுள்ள அமினோ அமிலங்கள், அதாவது புரதங்களைக் கட்ட உதவும் வகைக் கரிமச் சேர்மங்கள், அதில் ஏறிவிடும். காகிதத்தில் நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளைத் தடவினால் கைரேகை ஊதா நிறத்தில் எழுவதும் அவற்றால்தான்.

ஆனால் 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த கல்லைப் பாருங்கள். அதில் 70க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருக்கின்றன. நம் புரதங்களுக்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 20தான். கல்லில் உள்ள அமினோ அமிலங்களில் ஒன்றான ஐசோவாலின் புரதங்களில் வருவதே இல்லை. பிறகு வியர்வையில் எங்கிருந்து வரும்? கார்பன், ஹைட்ரஜன் அணுக்களின் கனமான வகைகளான கார்பன்-13, கன ஹைட்ரஜன் ஆகியவற்றின் அளவும் பூமியின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை.

அடுத்தது இடக்கை, வலக்கை வடிவங்கள், அதாவது ஒரே மூலக்கூறின் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரு வடிவங்கள். உயிர்களின் புரதங்களில் இருப்பது இடக்கை வடிவம். இந்தக் கல்லில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. அதிலும் ஒரு வேடிக்கை: புரதங்கள் தீண்டாத அந்த ஐசோவாலினிலேயே இடக்கை வடிவம் சற்று மிஞ்சி நிற்கிறது. ஏன் என்பதில்தான் ஆய்வாளர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை.