றங்குப்பெட்டியின் அடியில் ஓர் 'ஈழநாடு'

கேள்வி: அப்பாவின் றங்குப்பெட்டியைத் துப்புரவாக்கியபோது, அடியில் விரித்திருந்த பழைய 'ஈழநாடு' தாளொன்று கிடைத்தது. அதன் ஓரத்தில் அப்பா பேனையால் நெல்லுக் கணக்கு எழுதியிருக்கிறார். அந்தப் பத்திரிகையின் வரலாற்றைக் கூறுவீர்களா? தாளை எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, பரந்தன்

பதில்: இடப்பெயர்வுகள் அத்தனையையும் தாண்டி அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருப்பதே பெரிய காரியம், சகோதரி.

வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியபோது இரண்டுமே கொழும்பில்தான் அச்சாகின. வடக்கின் செய்தியை வடக்கிலேயே அச்சிட வேண்டும் என்ற எண்ணத்தோடு, கே. சி. தங்கராசாவும் அவருடைய சகோதரரும் 1959இல் யாழ்ப்பாணத்தில் ஈழநாட்டைத் தொடங்கினார்கள். முதலில் நாளிதழாக இல்லாத அது, 1961இல் நாளிதழாயிற்று. வீரகேசரியில் பழுத்த அனுபவம் பெற்ற கே. பி. ஹரன் அதன் ஆசிரியராக இருந்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடித்த காலம் அது. உங்கள் தாளில் ணை, லை, னை ஆகியவை, யானைத் துதிக்கை போன்ற வளைவு எழுத்தோடு ஒட்டிய பழைய வடிவில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வன்செயலில், ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொதுநூலகம் எரிந்தது; அதே நாள்களில் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலகத்தை நினைவுகூரும் அளவுக்கு இந்த அச்சகத்தை நாம் நினைவுகூராதது எனக்கு ஆறாத வருத்தம். அந்த அழிவிலிருந்தும் எழுந்து வெளிவந்த பத்திரிகை, போர்க்காலத்தின் அடிகளைத் தாங்கமாட்டாமல் தொண்ணூறுகளில் நின்றுபோயிற்று. அக்காலத்துப் பொருளாதாரத் தடையால் பத்திரிகைத் தாள் கிடைக்காமல், யாழ்ப்பாணத்தில் கோடு போட்ட கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சிட்டார்கள் என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பத்திரிகைத் தாள் மரக்கூழால் ஆனது. வெயிலும் காற்றும் பட்டால் மஞ்சளித்து நொறுங்கிவிடும். பெட்டியோடு ஒட்டியிருந்தால் இழுத்து உரிக்க வேண்டாம். கிழிசலுக்கு ஒட்டுநாடா போடவோ, லமினேற் செய்யவோ வேண்டாம். மடிக்காமல், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கிடையில் வைத்து, ஈரமும் கறையானும் அண்டாத இடத்தில் வையுங்கள். திகதி தெரியும்படி படமெடுத்து, 2005 முதல் ஈழத்து ஏடுகளை இணையத்தில் ஆவணப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பலாம். படமெடுக்கும்போது ஓரத்திலுள்ள நெல்லுக் கணக்கை வெட்டிவிடாதீர்கள். அதுவும் அந்தத் தாளில் எழுதப்பட்ட வன்னிச் செய்திதான்.