மழைக்கு ட்ரையர் வாங்கலாம்னு இருக்கோம்: ஹீட் பம்ப்பா, சாதாவா?

கேள்வி: வணக்கம் சார். மும்பை செம்பூர்ல 4வது மாடியில 2 பிஎச்கே ஃபிளாட், நான், வீட்டுக்காரர், மாமியார், ஸ்கூல் போற பையன். ஜூன் பொறந்தா செப்டம்பர் வரைக்கும் துணியே காய மாட்டேங்குது, ஹால்ல ஃபேனுக்குக் கீழ கொடி கட்டி வீடே தோபி காட் மாதிரி கிடக்கு, யூனிஃபார்ம்ல ஒரு மக்கல் நாத்தம் வேற. மத்த மாசம் கொடியே போதும். கடையில கேட்டா 7 கிலோ சாதா ட்ரையர் 33 ஆயிரம், ஹீட் பம்ப் 68 ஆயிரம்ங்கிறாங்க. "கரண்ட் பில்லுலயே மிச்சம் புடிச்சிரலாம் மேடம்"னு சேல்ஸ்மேன் அடிச்சு சொல்றாரு. நம்பலாமா? வாஷிங் மெஷின் டிரை பால்கனியில (துணி துவைக்க, காயப் போட இருக்கற சின்ன பால்கனி) இருக்கு, அங்க ஒரு ஸ்லைடிங் ஜன்னலும் வெளியில பாக்ஸ் கிரில்லும் இருக்கு.

பதில்: முதல்ல அந்த சேல்ஸ்மேன் கணக்கைப் போட்டுப் பாத்துருவோம். ஹீட்டர் வச்ச ட்ரையர்ல ஒரு ஆறேழு கிலோ துணி காய சுமாரா மூன்றரையிலேர்ந்து நாலு யூனிட் ஓடும், ஹீட் பம்ப்புல அதே துணிக்கு ஒன்றரை யூனிட் பக்கம். ஒரு லோடுக்கு ரெண்டேகால் யூனிட் மிச்சம்னு வைங்க. மும்பையில யார்கிட்ட கரண்ட் வாங்கினாலும் ஸ்லாப் ரேட் தான், கூடுதலா ஓடுற யூனிட் மேல் ஸ்லாப்ல தான் போய் விழும், அதனால உங்க பில்லுல கடைசி ஸ்லாப் ரேட்டைப் பாருங்க, சராசரியைப் பாக்காதீங்க. கணக்குக்கு 10 ரூபாய்னு எடுத்துக்கிட்டா லோடுக்கு 22 ரூபாய் சொச்சம் மிச்சம். விலை வித்தியாசம் 35 ஆயிரம். அப்போ 1500 லோடுக்கு மேல போட்டா தான் அந்தக் காசு திரும்பும். நாலு மாச மழையில வாரம் நாலு லோடுன்னா வருஷத்துக்கு எழுபது தேறும், அதுக்கு இருபது வருஷத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் மெஷின் உழைக்கணுமே! தினம் ஒரு லோடு, வருஷம் பூரா போடுற வீடுன்னா நாலு நாலரை வருஷத்துல எடுத்துரலாம், அங்க அவர் சொல்றது சரி. உங்களுக்கு சரியில்ல.

ஹீட் பம்ப் ஏன் கம்மியா இழுக்குதுன்னா, ஒரு லிட்டர் தண்ணிய ஆவியாக்க முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மியா சூடு வேணும், இது இயற்கைக் கணக்கு, எந்தக் கம்பெனியும் மாத்த முடியாது. சாதா ட்ரையர் அந்த சூட்டை ஆவியோட சேர்த்து வெளிய துப்பிரும். ஹீட் பம்ப்புல ஃபிரிட்ஜ்ல இருக்கற மாதிரி கம்ப்ரஸரும் கேஸும் இருக்கும், ஈரக் காத்தைக் குளிர வச்சு தண்ணியை இறக்கிட்டு, அதுலேர்ந்து எடுத்த சூட்டாலயே அதே காத்தைத் திரும்ப சூடாக்கி டிரம்முக்குள்ள விடும். துணி மேல படுற சூடும் 50 டிகிரி பக்கம் தான், ஹீட்டர் மாடல்ல 70 தாண்டும், அதனால எலாஸ்டிக், டிஷர்ட் எல்லாம் ஹீட் பம்ப்புல ரொம்ப நாள் வரும். ஆனா நேரம் பிடிக்கும். ஐரோப்பாவுல 2025 ஜூலைலேர்ந்து புதுசா விக்கிற வீட்டு ட்ரையர் எல்லாம் கிட்டத்தட்ட ஹீட் பம்ப் தான்னு ஆகிப்போச்சு, சுவிட்சர்லாந்துல 2012லயே அப்படித்தான். அங்க குளிர்ல வருஷம் பூரா ட்ரையர் ஓடும், அவங்க கணக்கு வேற, நம்ம கணக்கு வேற.

இப்போ முக்கியமான விஷயம், கடையில யாரும் கேக்காதது: ஈரக் காத்து எங்க போகும்? 33 ஆயிரம்னு சொன்னது அனேகமா வென்டட், அதாவது ஈரக் காத்தை வெளிய தள்ளுற மாடலா இருக்கும், அதுக்கு நாலு இஞ்ச் ஹோஸ் ஒண்ணு வெளியில போயே ஆகணும். ஹோஸை வீட்டுக்குள்ள விட்டா ஒரு லோடுக்கு மூணு நாலு லிட்டர் தண்ணி ஆவியா உங்க சுவத்துலயும் பீரோவுலயும் போய் உக்காரும், அப்புறம் பூசணம் தான். உங்களுக்கு டிரை பால்கனி ஜன்னல் இருக்கே, ஒரு கண்ணாடியைக் கழட்டிட்டு அந்த இடத்துல அக்ரிலிக் ஷீட் போட்டு வட்டமா ஓட்டை வெட்டி ஹோஸை மாட்டிக்கலாம், சுவர் உடைக்க வேண்டாம், சொசைட்டி செக்ரட்டரிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க, சூடான காத்து பக்கத்து ஃபிளாட் ஜன்னல்ல நேரா அடிக்காம பாத்துக்கங்க, இல்லன்னா அடுத்த மீட்டிங்ல உங்க பேரு தான் ஓடும்.

வெளியில காத்தே ஈரமா இருக்கு, அதை இழுத்து எப்படி காயும்னு நிறைய பேர் கேப்பாங்க. காயும். 28 டிகிரில 90 சதவீத ஈரப்பதம் இருக்கற காத்தை 65, 70 டிகிரிக்கு சூடாக்கினா ஈரப்பதம் பத்து பதினஞ்சு சதவீதத்துக்கு இறங்கிரும், துணிக்கு அது வறண்ட காத்து தான்.

அதனால உங்க வீட்டுக்கு நான் சொல்றது வென்டட். ஜன்னலே இல்லாத மூலையில வைக்கணும்னா காசு போனாலும் ஹீட் பம்ப். ரெண்டுக்கும் நடுவுல கண்டென்சர்னு ஒண்ணு காட்டுவாங்க, ஹோஸ் வேண்டாம், தண்ணி டேங்க்ல சேரும்னு சொல்லி. அது ஹீட்டர் தான், நாலு யூனிட் சூடும் வீட்டுக்குள்ளயே இறங்கும், அப்புறம் ஏசி போட்டு அதை வெளியேத்தணும், ரெண்டு பக்கமும் செலவு. வேண்டாம். 8 கிலோ துவைச்சு 5 கிலோ காய வைக்கிற வாஷர் ட்ரையரும் வேண்டாம், பாதி துணியை வெளிய எடுத்துட்டு காய வைக்கணும், பல மாடல்ல காய வைக்கவும் தண்ணி செலவாகும்.

வயரிங் பாத்துக்கங்க. வென்டட் ட்ரையர் ரெண்டாயிரம் வாட்டுக்கு மேல இழுக்கும், தனி 16 ஆம்ப் பாயின்ட் வேணும், வாஷிங் மெஷினோட சேர்த்து மல்டி பிளக்ல சொருகக் கூடாது. வாங்கறதுக்கு முன்னாடி இலவசமா ஒண்ணு பண்ணிப் பாருங்க: மெஷின்ல ஸ்பின் 800ல இருந்தா 1200 வைங்க. ஆறு கிலோ துணில ஒரு லிட்டர் தண்ணி கூடுதலா வெளிய வந்துரும், கொடியில போட்டாலும் சீக்கிரம் காயும்.

கேள்வி: டோம்பிவிலியிலேர்ந்து எழுதறேன். ஹீட் பம்ப் ட்ரையர் வாங்கினோம், துண்டு போட்டா மூணு மணி நேரம் ஓடுது. ரிப்பேரா?

பதில்: தடி டவல் ஃபுல் லோடு போட்டா அது சகஜம் தான். தினம் தினம் நேரம் கூடிக்கிட்டே போனா தான் சந்தேகப்படணும். ஃபில்டர்ல பஞ்சு அடைச்சிருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க, ஹீட் பம்ப்புல பஞ்சு உள்ள போய் ஒட்டிக்கிட்டா சர்வீஸ் ஆள் வந்து தான் எடுக்கணும். இன்னொண்ணு, சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு துடைச்ச துண்டை ட்ரையர்ல போடாதீங்க, எந்த ட்ரையரானாலும் சரி. துவைச்சாலும் எண்ணெய் முழுசா போகாது, சூடான துணியை மடிச்சு குமிச்சு வச்சா எண்ணெய் தானா சூடேறி தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கு, மேனுவல்லயே இந்த எச்சரிக்கை இருக்கும். அதெல்லாம் கொடிக்கு.

கேள்வி: எங்க செமி ஆட்டோமேட்டிக்லயே ட்ரையர் இருக்கே, தனியா எதுக்கு?

பதில்: அது சுத்தி தண்ணியைப் பிழியற டப்பா, சூடு கிடையாது, துணி ஈரமா தான் வெளிய வரும். மழைக்கு இன்னும் சின்ன பட்ஜெட்ல வேணும்னா டிஹியூமிடிஃபையர், அதான் ரூம் காத்துல இருக்கற ஈரத்தை எடுக்கற மெஷின், பாருங்க, சின்ன ரூம்ல கொடி கட்டி, கதவைச் சாத்தி, ஃபேனையும் போட்டு ராத்திரி பூரா விட்டா காலையில பெரும்பாலும் காஞ்சிருக்கும். வேட்டி, பட்டுப்புடவைக்கும் பயமில்ல.