சீட்டு விழுந்தவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அல்சூர் ஏரிக்கரையில் மாலை நடக்கிற கூட்டம் எங்களுடையது. பாதிப்பேர் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 ஜூலை 30 அன்று, பீட்டர்ஸ்பர்க்கில் வடக்குப் படை எதிரியின் காப்பரணைச் சுரங்கம் வைத்துத் தகர்த்தும் தோற்ற சண்டையைப் பற்றி ஒரு வாரமாக வாதம். லெட்லி என்ற குடிகாரத் தளபதிதான் காரணம், விசாரணையிலேயே வந்திருக்கிறது என்கிறார் ஒருவர். இல்லை, மேலே இருந்த படைத்தளபதி மீட்தான் என்கிறார் மற்றவர். அவரும் விசாரணையைத்தான் காட்டுகிறார். யார் சொல்வது சரி?

செல்வராஜ், பெங்களூரு

அன்புள்ள செல்வராஜ்,

இருவரும் பொய் சொல்லவில்லை. விசாரணை இரண்டு நடந்தது. தீர்ப்பும் இரண்டு.

சாப்பர்கள் இருக்கும் சபை என்பதால் சுரங்கத்திலிருந்தே தொடங்குகிறேன். அன்று உருப்படியாக நடந்த வேலையும் அது ஒன்றுதான். தோண்டியவர்கள் பென்சில்வேனியா 48ஆம் ரெஜிமென்ட், அதில் நிறையப் பேர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். நீளம் 511 அடி. 400 அடிக்கு மேல் போனால் உள்ளே காற்று நிற்காது என்று ராணுவப் பொறியாளர்கள் கைவிரித்தார்கள். ரெஜிமென்ட் தளபதி ஹென்றி பிளசன்ட்ஸ் தம் பக்கத்து அரணுக்குப் பின்னால் மேல்நோக்கி ஒரு புகைபோக்கி வெட்டி, அடியில் தீ மூட்டி, சுரங்க வாயைக் கதவால் அடைத்தார். தீ கெட்ட காற்றை இழுத்து வெளியே தள்ள, மரக்குழாய் வழியாக நல்ல காற்று கடைசிவரை போனது. வெடிமருந்து 12,000 பவுண்டு கேட்டதற்கு 8,000 வந்தது. திரியும் துண்டு துண்டாக வந்தது, முடிச்சுப் போட்டுத்தான் நீட்டினார்கள். அதிகாலை மூன்றேகாலுக்கு வைத்த தீ ஒட்டுப்போட்ட இடத்தில் அணைந்தது. இருவர் உள்ளே தவழ்ந்துபோய் மறுபடி கொளுத்தினார்கள். 4:44க்கு வெடித்தது. ஏறத்தாழ 170 அடி நீளம், 30 அடி ஆழத்துக்குப் பள்ளம்.

கெட்டதெல்லாம் மண்ணுக்கு மேலே. மீடின் கீழ் தாக்குதலை நடத்தவேண்டிய தளபதி பர்ன்சைடு. அவர் போட்ட திட்டத்தில் முன்னே போகவேண்டியது அவருடைய டிவிஷன் தளபதி ஃபெரேரோவின் கறுப்பின டிவிஷன். பள்ளத்தில் இறங்காமல் முதல் அணிகள் இடமும் வலமும் திரும்பி டிரெஞ்சைக் காலிசெய்ய, பின்னால் வருபவர்கள் எதிரி அரணுக்குப் பின்னாலிருந்த மேட்டைப் பிடிக்கவேண்டும். அதற்கென்று பயிற்சியும் கொடுத்திருந்தார்கள் (அது எவ்வளவு முழுமை என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை). வெடிக்க ஒரு நாள்கூட இல்லாதபோது மீட் இரண்டையும் மாற்றினார்: வெள்ளையர் டிவிஷன் முன்னே போகட்டும், எல்லோரும் நேராக மேட்டுக்கு ஓடட்டும். வடக்குப் படைகள் அனைத்துக்கும் தலைவரான கிராண்டும் சரியென்று தலையசைத்தார். தோற்றால் கறுப்பினத்தவரைப் பலிகொடுத்தார்கள் என்ற பேச்சு வரும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

இந்த மாற்றத்துக்கு மீட் பொறுப்பு. ஆனால் அடுத்த அடி முழுக்க பர்ன்சைடுடையது. மிச்சமிருந்த மூன்று டிவிஷன் தளபதிகளில் யாரை அனுப்புவது என்று அவர் சீட்டுக் குலுக்கினார்! சீட்டு விழுந்தது லெட்லிக்கு, மூவரில் ஆகக் கடைசியாக அனுப்பியிருக்கவேண்டியவருக்கு. தம் பக்கத்து மண்சுவரை வெட்டி, முன்னால் போட்டிருந்த கூர்மரத் தடுப்புகளை விலக்கி வழிசெய்யச் சொல்லி மீட் எழுத்தில் உத்தரவு கொடுத்திருந்தார். எதிரி கண்டுகொள்வான் என்று பர்ன்சைடு செய்யவில்லை. விளைவு, ஆளுயரத்துக்கும் மேலான டிரெஞ்சிலிருந்து ஏறப் படியில்லை. பயனெட்டைச் சுவரில் குத்தி அதன்மேல் கால்வைத்து ஏறினார்கள். டிவிஷன் போகவேண்டிய இடத்தில் சின்ன இடைவெளி வழியாக வரிசைகட்டிப் போனார்கள். (தடையைத் தகர்க்கும் பெங்களூர் டார்பிடோவை உங்கள் ஊரில் சாப்பர்ஸ் அதிகாரி மெக்ளின்டாக் செய்தது 1912இல்தான். ஆனால் அன்று கோடாரியே போதும்.)

லெட்லி தம் பிரிகேட் தளபதிகளிடம் மேட்டைப் பற்றிச் சொல்லவே இல்லை, பள்ளத்தைப் பிடித்து நில்லுங்கள் என்றுதான் சொன்னார். ஆட்கள் இறங்கி நின்றார்கள். அவர் பின்னால் பங்கரில் ரம்மோடு இருந்தார். ஃபெரேரோவும் ஒரு கட்டத்தில் அங்கேதான். எட்டு மணிவாக்கில் கறுப்பின டிவிஷனையும் அதே நெரிசலுக்குள் அனுப்பினார்கள். பிறகு தெற்குத் தளபதி மஹோனின் எதிர்த்தாக்குதல். சரணடைந்த கறுப்பினத்தவர் பலரைக் கொன்றார்கள். வடக்குக்கு இழப்பு சுமார் 3,800.

ராணுவ விசாரணையில் அமர்ந்த ஹான்காக், அய்ரஸ், மைல்ஸ் மூவரும் மீடின் கீழ் பணியாற்றியவர்கள். பர்ன்சைடு அதை ஆட்சேபித்தும் பார்த்தார். அவர்கள் பர்ன்சைடு, லெட்லி, ஃபெரேரோ, பிரிகேட் தளபதி பிளிஸ், இன்னொரு டிவிஷன் தளபதி வில்காக்ஸ் என ஐந்து பேரைக் குறித்தார்கள், மீடைத் தொடவில்லை. ஆக, லெட்லி பட்டியலில் ஒருவர், பட்டியலே அவரில்லை. 1865 தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் போர்க் கூட்டுக்குழு மீட்மேல் பழியைப் போட்டது. கிராண்டே அதனிடம், பர்ன்சைடு திட்டப்படி விட்டிருந்தால் வென்றிருக்கலாம் என்றும், ஆனாலும் மீடின் ஆட்சேபத்தைத் தாம் ஏற்றதாகவும் சொன்னார்.

என் கணக்கில் பெரும்பங்கு பர்ன்சைடுக்கு. மீட் திட்டத்தை மாற்றினாலும், யாரை அனுப்புவது, எப்படி ஏறுவது என்ற இரண்டும் அன்றிரவு அவர் கையில் இருந்தன. அடுத்த பங்கு மீடுக்கும் கிராண்டுக்கும். லெட்லியை மூன்றாவதாகவே வைப்பேன். அவர் குடிக்காமல் இருந்திருந்தாலும் அந்தச் சுவரில் படி வந்திருக்காது.

ராணுவ விசாரணை அறிக்கையில் யாரும் அதிகம் பேசாத ஒரு வரி உண்டு: தலைமைத் தளபதி நேரில் இல்லாதபோது, தாக்கும் படை முழுவதையும் அங்கே ஒரே அதிகாரியிடம் ஒப்படைத்திருக்கவேண்டும் என்று. அன்று மீட் உட்கார்ந்திருந்தது பர்ன்சைடின் தலைமையகத்தில். பர்ன்சைடு முன்னால் ஒரு பீரங்கி மேடையில். நடுவே தந்தி. அதில் இருவரும் காலைமுழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்புடன்.