கேள்வி பதில்: ஜமைக்காவில் பேசுவது கொச்சை ஆங்கிலமா?

கேள்வி: பேட்டிகளில் கிறிஸ் கெயில் பேசும் ஆங்கிலம் புரிகிறது. ஆனால் ஜமைக்காக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் ஒன்றும் பிடிபடவில்லை. அது கொச்சை ஆங்கிலம்தானே?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லவே இல்லை. அது பட்வா என்கிற கிரியோல் மொழி, அதாவது பல மொழிக்காரர்கள் ஓரிடத்தில் கலந்தபோது பிறந்து, பிறகு தாய்மொழியாகிவிட்ட புது மொழி. 1655ல் ஸ்பெயினிடமிருந்து ஜமைக்காவை பிரிட்டன் பிடித்த பிறகு, கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்க மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மக்களை அடிமைகளாகக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள். அவர்கள் வாயில் உருவான மொழி இது. சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலம்தான், ஆனால் அவற்றைக் கோக்கும் விதமே வேறு.

மொழியியல் வகுப்பு எடுத்த காலத்தில் 'டி ப்வாய் டெம்' என்று பலகையில் எழுதிவிட்டுத்தான் இந்தப் பாடத்தை ஆரம்பிப்பேன். 'அந்தப் பையன்கள்' என்று பொருள். 'டெம்' தனியாக வந்தால் 'அவர்கள்', பெயருக்குப் பின்னால் வந்தால் நம்முடைய 'கள்'. பக்கத்துத் தீவில் உள்ள ஹைட்டியில் சொற்கள் பிரெஞ்சிலிருந்து வந்தவை. அங்கேயும் 'யோ' என்றால் 'அவர்கள்', 'டிமூன் யோ' என்றால் 'குழந்தைகள்'. லண்டனிலோ பாரிஸிலோ யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஆனால் கானாவிலும் டோகோவிலும் பேசும் எவே மொழியில் 'வோ' என்ற ஒரே சொல் இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. இரண்டு இடங்களுக்கும் எஜமானர்கள் வேறு வேறு. உழைத்தவர்கள் வந்த கரை ஒன்று.

'இம் டெல் மி சே இம் அ கம்': அவன் வருகிறான் என்று என்னிடம் சொன்னான். இதில் 'சே' செய்யும் வேலை நமது 'என்று' செய்வதுதான். கானாவின் ட்வி மொழியிலும் 'சொல்' என்ற வினையை ஒட்டிய சொல்தான் இங்கே வரும். 'சொல்' என்று பொருள்படும் ஆங்கிலத்தின் 'சே' ஒலியில் ஒத்துப்போனதும் உதவியிருக்கும். பலரைப் பார்த்து 'நீங்கள்' என்று சொல்ல ஜமைக்காவில் 'உனு' என்பார்கள். நைஜீரியாவின் இக்போ மொழியிலும் அதே சொல், அதே பொருள்.

1987 அரசியல் சட்டத்தில் ஹைட்டி தன் கிரியோலை ஆட்சிமொழி ஆக்கிவிட்டது. ஜமைக்காவிலோ பலர் இன்னும் தங்கள் தாய்மொழியைக் கொச்சை என்று சொல்லக் கேட்டே வளர்கிறார்கள். தயவுசெய்து நாமும் சேர்ந்து அப்படிச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: ஒரு கிரியோலின் இலக்கணம் இன்ன ஆப்பிரிக்க மொழியிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் கஷ்டம்தான். ஒரே தோட்டத்தில் பல கரைகளிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். கிரியோல்களின் பொது இலக்கணம் குழந்தைகளின் பிறவித் திறனிலிருந்து வந்தது என்று மொழியியலாளர் டெரெக் பிக்கர்டன் வாதிட்டார். எனக்கு அதில் பாதிகூட ஒப்புதல் இல்லை. காரணம், இன்றைய கயானாவில் இருந்த பெர்பீஸ் டச்சு என்ற கிரியோல்.

பெர்பீஸ் நதிக்கரையில் டச்சுக்காரர்கள் 1627ல் குடியேற்றம் அமைத்தார்கள். நைஜீரியாவில் நைஜர் ஆற்று முகத்துவாரத்தின் கிழக்கு இஜோ மொழி, அங்கே உருவான கிரியோலில் அப்படியே பதிந்துவிட்டது. அடிப்படைச் சொற்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இஜோ. பன்மை விகுதியும் வினை விகுதிகளும்கூட இஜோவிலிருந்து வந்தவை. சொற்களைக் கடன் வாங்குவது எங்கும் நடப்பது. விகுதிகளே கடல் தாண்டி வந்து நிலைப்பது அபூர்வம். 1970களில் மொழியியலாளர் இயன் ராபர்ட்சன் தேடிப் போனபோது சில முதியவர்கள் மட்டுமே அதைப் பேசினார்கள். கடைசியாகப் பேசியவர் 2005ல் காலமானார். சில்வியா கவன்பெர்க் அந்த முதியவர்களிடம் கேட்டு எழுதிய இலக்கணம் இருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.