தமிழ்நாட்டு அரசு மனநல சேவையில் சமூகப் பணியாளருக்கு என்ன வேலை? அந்தப் பணி இங்கே எப்படி வந்தது?

ஒருவரை மனநல மருத்துவமனையில் சேர்ப்பதற்கு இங்கே 1858லிருந்தே சட்டம் இருக்கிறது. தேறியவரை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கவும், சேர்த்த பிறகு மருந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளவும் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது அரசுக்கு உறைக்க அதற்கப்புறம் கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆனது. மனநல சமூகப் பணியாளரின் வேலை அந்தப் பள்ளத்தில்தான் பிறந்தது. இன்றைக்கும் சேவை இடறி விழுவது பெரும்பாலும் அதே இடத்தில்தான்.

சென்னையில் முதல் மனநோயாளர் காப்பகத்தை 1794ல் தொடங்கியவர் வாலண்டைன் கானலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அறுவை மருத்துவர். இப்போதைய கீழ்ப்பாக்கம் வளாகத்துக்கு அரசுக் காப்பகம் வந்தது 1871ல். 1912ல் வந்த சட்டப்படி, உறவினர் மனுவோடு இரண்டு மருத்துவர்களின் சான்றிதழ் இருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். தெருவில் திரிபவரைப் போலீஸ் பிடித்து அவர் முன் நிறுத்தும். வெளியே விடவும் அந்தச் சட்டத்தில் வழி இருந்தது. பார்வையாளர் குழு விடுவிக்கலாம். உறவினர் வந்து பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்தும் கூட்டிப்போகலாம். ஆனால் வராத உறவினரைத் தேடிப் போவது யார்? அதற்கு ஒரு பதவி கிடையாது. ஆகவே உள்ளே போனவர்களில் பலர் அங்கேயே முதுமை அடைந்தார்கள்.

1922ல் பெயர்ப்பலகை 'அரசு மனநல மருத்துவமனை' என்று மாறியது. 1950களில் குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்து வந்ததும் கதை உண்மையாகவே மாறியது. காதில் குரல் கேட்பதும் கொந்தளிப்பும் சில வாரங்களில் அடங்கின. தேறியவர்கள் கண்ணெதிரே இருந்தார்கள், போக இடம் இல்லை. அதே காலத்தில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், நோயாளியோடு குடும்பத்தையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வீட்டார் உடனிருந்த நோயாளி வீட்டுக்கே திரும்பிப் போனார். இந்த ஒரு விஷயம் இந்திய மனநல சேவைக்கே அடித்தளம் என்பது என் கருத்து.

சமூகப் பணிப் படிப்பு இந்தியாவில் 1936ல் பம்பாயில் டாட்டா பள்ளியோடு தொடங்கியது. 1952ல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் சமூகப் பணிப் பள்ளி வந்தது. 1954ல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம், அதாவது இன்றைய நிம்ஹான்ஸின் முன்னோடி. கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் புறநோயாளி சேவையையும் மறுவாழ்வையும் முன்னுக்குக் கொண்டுவந்தார். ஓய்வுக்குப் பிறகு 1984ல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார்.

இந்தச் சேவை சென்னைக்கு வெளியே வந்தது இன்னும் தாமதம். தேசிய மனநலத் திட்டம் 1982ல் அறிவிக்கப்பட்டது, 1985ல் பெல்லாரியில் சோதித்துப் பார்த்தார்கள், 1996ல் நாடு முழுக்க நான்கே மாவட்டங்களில் தொடங்கியது. அதில் ஒன்று நம் திருச்சி. மாவட்டக் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், செவிலியர் இவர்களோடு ஒரே ஒரு சமூகப் பணியாளர்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநோயாளிகளைக் கொண்டுவந்து விடும் தர்கா இருக்கிற ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அதைக் குடும்பங்களின் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். தாலுகா மருத்துவமனையில் மாத்திரையும், வீட்டில் சமாளிக்கச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் கிடைத்திருந்தால் பாதிப் பேரைத் தர்காவில் விட்டுவிட்டு வந்திருக்க மாட்டார்கள். தீ விபத்துக்குப் பின் காப்பகங்களை மூடி நூற்றுக்கணக்கானவர்களை அரசுப் பொறுப்பில் எடுத்தார்கள். அவர்களுக்கும் அடுத்த கேள்வி அதேதான்: வீடு எங்கே?

இதற்கு நேரடியாகப் பதில் சொன்னது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் யாரையும் மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது பிரிவு 19. டிஸ்சார்ஜுக்கு முன்பே திட்டம் போடச் சொல்கிறது பிரிவு 98. சட்டத்தின் பார்வையில் மனநல சமூகப் பணியாளர் என்பவர் சமூகப் பணியில் முதுகலை முடித்து, அதன்மேல் இரண்டு ஆண்டு முழுநேர எம்ஃபில் படித்தவர்.

அந்த டிஸ்சார்ஜ் திட்டம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். வார்டில் ஒரு பெண். கேஸ் ஷீட்டில் 'முகவரி தெரியாது' என்று இருக்கிறது. மருந்தில் தெளிந்து பேச ஆரம்பித்ததும் "உங்க அட்ரஸ் என்ன?" என்று கேட்டால் பதில் வராது. உங்க ஊர்ல சந்தை என்ன கிழமை? வீட்டு வாசல்ல நின்னா எந்தக் கோயில் தெரியும்? பஸ் ஏறினா கடைசி ஸ்டாப் எது? அப்பாவுக்கு என்ன வேலை? இப்படித்தான் கேட்க வேண்டும். சந்தைக் கிழமையும் பஸ் முடிகிற ஊரும் கிடைத்தால் தேடல் ஒரு தாலுகாவுக்குள் வந்துவிடும். பேச்சு வழக்கை வைத்து மாவட்டத்தை ஊகிக்கலாம். புதிதாக ஆதார் பதிய முயன்று, ஏற்கெனவே பதிவு உண்டு என்று நிராகரிக்கப்பட்டு, அந்த நூலைப் பிடித்து ஊரைக் கண்டுபிடித்ததும் உண்டு. அடுத்து அந்தப் பகுதிக் காவல் நிலையம், விஏஓ.

வீடு கிடைத்ததும் "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போனில் சொல்வதுதான் பெரிய தவறு. கணவர் மறுமணம் செய்திருக்கலாம், சொத்து பாகம் பிரிந்திருக்கலாம். முதலில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, யாருக்கு ஈரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல நேரம் அது அண்ணனாக இருக்காது, அக்காவாக இருக்கும். பிறகு வீடியோ கால், நேரில் ஒரு வருகை, பிரிவு 91ன் கீழ் சில நாள் விடுப்பில் அனுப்பிப் பார்ப்பது. டிஸ்சார்ஜ் அதற்குப் பிறகுதான். அந்தப் பெண் அங்கே போக விரும்பவில்லை என்றால் அதோடு நிறுத்திவிட்டு வேறு தங்கும் ஏற்பாடு தேட வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு காரியம் கெட்டுப்போவது பெரும்பாலும் மருந்தில். மருத்துவமனையில் எழுதிய மாத்திரை அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்காது. கொடுத்தனுப்பிய ஒரு மாத மாத்திரை தீர்ந்ததும் நின்றுபோகும். எனவே அனுப்பும் முன்பே அங்கே போன் செய்து என்ன இருப்பு இருக்கிறது என்று கேட்டு, மாற்றுவதாக இருந்தால் வார்டில் இருக்கும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டும். லித்தியம் என்றால் ரத்தத்தில் அளவு பார்க்க வசதி வேண்டும். க்ளோசபைன் என்றால் முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளையணு பரிசோதனை வேண்டும். ஃப்ளூஃபெனசைன் ஊசி 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, ஆகவே யார் போடுவார், எந்தக் கிழமை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்தாலும் "தூங்கிட்டே இருக்கா" என்று வீட்டார் மாத்திரையைப் பாதியாக உடைப்பார்கள், சில மாதத்தில் "சரியாயிடுச்சே" என்று நிறுத்துவார்கள். அதற்குள் ஒரு போன் போயாக வேண்டும். இத்தனைக்கும் ஒரு மாவட்டத்துக்கு ஒருவர், அதுவும் பெரும்பாலும் ஒப்பந்தப் பணி. அவர் விலகினால் அவர் கையில் இருந்த தொடர்புகளும் அவரோடு போய்விடும். கட்டடத்துக்குச் செலவு செய்யும் அரசு இந்தப் பணியிடத்தைப் பெருக்காமல் இருப்பது எனக்குப் புரியவே இல்லை.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு உதவி தேவை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநல ஓபியில் சமூகப் பணியாளரைக் கேளுங்கள். பழைய சீட்டுகளும் மாத்திரை அட்டைகளும் கையோடு இருக்கட்டும். போனில் பேச, அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸ் எண் 14416. நோயாளி சம்மதித்தால் அவரே கையெழுத்திட்டு மருத்துவமனையில் சேரலாம். சம்மதிக்கும் நிலையில் இல்லை, ஆபத்து இருக்கிறது என்றால் 2017 சட்டத்தின் பிரிவு 89. நோயாளிக்காகப் பேசும் நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும், இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். அதிகபட்சம் 30 நாள். சேர்த்ததைச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மருத்துவமனை 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், பெண்ணோ சிறாரோ என்றால் 3 நாளுக்குள். தெருவில் திரிபவரைப் போலீஸ் அழைத்துப்போனால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீடு திரும்பியவருக்கு முதலில் பார்க்க வேண்டியது குடும்ப அட்டை. பல ஆண்டு ஆளில்லை என்றால் பெயர் நீக்கப்பட்டிருக்கும், சேர்க்க மனு போட வேண்டும். அடுத்து மாற்றுத்திறனாளி சான்று. மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோல் உண்டு. தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்குக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் இருந்த காலத்துக்குத் தனி மதிப்பெண். மொத்தம் 20ல் 7 வந்தால்தான் சலுகைகளுக்குத் தேவையான 40 சதவீதம். பரிசோதனை நாளன்று ஒருவர் குளித்து, நல்ல சட்டை போட்டு, அமைதியாகப் பதில் சொன்னால் மதிப்பெண் குறைந்துவிடும் அபாயம் இருக்கிறது. அந்தக் குளியலுக்கு அம்மா ஒரு மணி நேரம் கெஞ்சியது அறைக்குள் தெரியாது. அதனால் வீட்டுக்கு வந்து பார்த்த சமூகப் பணியாளரிடம் எழுத்தில் ஓர் அறிக்கை வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.